உங்கள் ஊர் சினிமாக் கொட்டகையின் வரலாற்றை எழுதுவது எப்படி? செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு கைவழிகாட்டி

செட்டிநாட்டில் பழைய சினிமாக் கொட்டகைகள் பல கல்யாண மண்டபமாகவும் சரக்குக் கிட்டங்கியாகவும் மாறிவிட்டன. சிலவற்றின் இடம் மனை மனையாகப் பிரிந்து விலைபோய்விட்டது. கட்டடமே இல்லாத ஊரிலும் அதன் வரலாற்றை எழுத முடியும். காகிதங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பழைய அச்சுக்கூடத்திலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் தேடுவது, எப்படிக் காலம் கணிப்பது, எங்கே ஏமாறக்கூடும் என்பதற்கான குறிப்புகள் இவை.

பலரும் ஓடிய படங்களின் பட்டியலில் இருந்து தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியல் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான்; பக்கத்து ஊரில் ஓடிய படப்பெட்டிதான் உங்கள் ஊருக்கும் வந்தது. உங்கள் கொட்டகைக்கு மட்டும் சொந்தமான விஷயங்கள் வேறு: நிலம் யாருடையது, முதல் யார் போட்டது, லைசென்ஸ் யார் பெயரில், என்ன மெஷின் ஓடியது, யார் எங்கே உட்கார்ந்தார்கள், எப்போது, ஏன் மூடினார்கள். உழைப்பை இவற்றில் போடுங்கள்.

மூன்று தேதிகளைக் குழப்பாதீர்கள்

"கொட்டகை எந்த வருஷம் வந்தது?" என்ற கேள்விக்கு ஒரே ஊரில் மூன்று பதில் கிடைக்கும். மூன்றும் சரியாகவே இருக்கக்கூடும். கீற்றுக் கொட்டகையாக டூரிங் டாக்கீஸ் வந்த வருஷம் ஒன்று. அதே இடத்தில் ஓடோ ஷீட்டோ போட்டு அரை நிரந்தரமாகவோ நிரந்தரமாகவோ கட்டிய வருஷம் இன்னொன்று. குத்தகைதாரர் மாறிப் புதுப் பெயர் வைத்த வருஷம் மூன்றாவது. ஊர்ப் பேச்சில் பெயர் மாறினால் "புதுக் கொட்டகை" ஆகிவிடும். ஆகவே ஒரு நோட்டில் பக்கத்தை ஐந்து கட்டமாகப் பிரியுங்கள்: தேதி, என்ன நடந்தது, யார் சொன்னது அல்லது எந்தக் காகிதம், அந்தக் காகிதம் இப்போது யாரிடம், எவ்வளவு உறுதி. கடைசிக் கட்டத்தில் "காகிதம் உண்டு", "இருவர் தனித்தனியாகச் சொன்னது", "ஒருவர் மட்டும்" என்ற மூன்று தரம் போதும். எழுத உட்காரும்போது இந்த ஐந்தாவது கட்டம்தான் உங்களைக் காப்பாற்றும்.

முதலில் ஆட்கள், பிறகு காகிதம்

அலுவலகக் கோப்பு இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும். எண்பது வயது ஆபரேட்டர் காத்திருக்க மாட்டார். முதலாளி வீட்டுக்குப் போவதற்கு முன்பே ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை எடுத்தவர், வால்போஸ்டர் ஒட்டியவர், இடைவேளைக்கு முறுக்கும் சுண்டலும் விற்றவர், பஸ்ஸில் இருந்து படப்பெட்டி இறக்கியவர் ஆகியோரைப் பாருங்கள். முதலாளிக்குக் கணக்கு தெரியும்; கொட்டகைக்குள் நடந்தது இவர்களுக்குத்தான் தெரியும். படத்தோடு வந்து வசூலைச் சரிபார்த்த விநியோகஸ்தரின் ரெப் யாராவது மதுரைப் பக்கம் இருந்தால் அவரையும் விடாதீர்கள்.

"எந்த வருஷம்?" என்று நேராகக் கேட்டால் பத்து வருஷம் முன்னே பின்னே வரும். அவர் மனத்தில் ஏற்கெனவே தேதியோடு நிற்கும் நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலேயே இருந்துச்சாண்ணே?" என்றால் அது 1964 டிசம்பர். "காலணா, அரையணா இருந்தப்பவா, நயா பைசா வந்த பிறகா?" என்றால் 1957 ஏப்ரல். "அண்ணா முதலமைச்சர் ஆன சமயமா?" என்றால் 1967. கல்யாணம், மூத்த பிள்ளை பிறந்தது, பர்மாவில் இருந்து குடும்பம் திரும்பி வந்தது என்று வீட்டு நிகழ்ச்சிகளோடும் பொருத்துங்கள். ஊர்த் திருவிழாக்களையும் கேளுங்கள்: காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா, குன்றக்குடித் தைப்பூசம், பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி நாட்களில் கூடுதல் காட்சி ஓட்டினார்களா, எத்தனை ஆட்டம் என்று. கூட்டம் நடந்துவந்த கிராமங்களின் பெயர்களைப் பட்டியலிட்டுக்கொண்டால் கொட்டகையின் எல்லை எது என்று தெரிந்துவிடும்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். பெண்கள் பகுதிக்கு எந்த வாசல், நடுவில் தட்டியா சுவரா, ஆச்சிமார் மேட்னிக்கு வண்டி கட்டி வந்தார்களா, இரண்டாவது ஆட்டத்துக்குப் பெண்கள் வந்தார்களா என்பதற்கெல்லாம் ஆண்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஊகம். தரை, பெஞ்சு, சேர் என்ற பிரிவில் யார் எங்கே உட்கார முடிந்தது, காசு இருந்தும் சேர் டிக்கெட் கிடைக்காதவர்கள் இருந்தார்களா என்றும் கேட்டே ஆகவேண்டும். சங்கடமான கேள்வி என்று விட்டுவிட்டால் கிடைப்பது பாதி வரலாறுதான். இதை மேல்தெருவில் மட்டும் கேட்காமல் ஊரின் எல்லாக் குடியிருப்புகளிலும் கேளுங்கள்.

பதிவு செய்யும்போது போனை விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, அவர் மார்புக்கு இரண்டடி தூரத்தில் ஒரு துணி மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் ஓசைதான் பெரிதாக விழும். ஆரம்பத்திலேயே தேதி, ஊர், பேசுபவர், அவர் செய்த வேலை, வெளியிட அவருடைய சம்மதம் ஆகியவற்றை வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.

ஒரே பெயர், மூன்று தலைமுறை

செட்டிநாட்டில் அதிகமாகச் சறுக்கும் இடம் இது. நகரத்தார் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். 1938 பத்திரத்தில் வரும் பெயரும் 1968 லைசென்ஸில் வரும் பெயரும் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறாக இருக்கலாம். இடையில் சுவீகாரம் நடந்திருந்தால் தகப்பன் பெயரும் மாறும். பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். முன்னால் வரும் எழுத்துகளை, அதாவது வீட்டு விலாசத்தை, ஒன்றுவிடாமல் காகிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அது வேறு தலைமுறையாகவோ வேறு பங்காளியாகவோ இருக்கும். கோயில் (குலப் பிரிவு), வட்டகை (ஊர்த் தொகுதி), வீட்டு விலாசம், தகப்பன் பெயர் நான்கையும் சேர்த்து ஒரு கொடிவழி வரைந்துகொண்டு, ஒவ்வொரு பத்திரத்திலும் வரும் ஆளை அதில் பொருத்துங்கள். பொருந்தாத பெயரைக் கேள்விக்குறியோடு ஓரத்தில் வைத்திருங்கள். வலிந்து பொருத்தினால் பின்னால் எல்லாம் சாயும்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு பிழை. காரைக்குடி வட்டாரத்தில் எந்தப் பழைய கொட்டகையைக் கேட்டாலும் "அதில் ஏ.வி.எம். செட்டியாருக்குப் பங்கு உண்டு" என்று ஒருவர் சொல்வார். 1907-இல் காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் போர்க்காலத்தை ஒட்டித் தொழிலை ஊருக்குக் கொண்டுவந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ வைத்து நடத்தியதும், 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே உருவானதும், 1948-இல் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போனதும் வரலாறு. படம் எடுத்த இடமும் படம் காட்டிய கொட்டகையும் ஊர்ப் பேச்சில் கலந்துவிடுகின்றன. பங்கு பற்றிய பத்திரம் இல்லாமல் அந்தப் பெயரை உங்கள் கொட்டகையோடு சேர்க்காதீர்கள்.

வீட்டுக் கணக்கு: பேரேடும் ஐந்தொகையும்

கொட்டகை நடத்திய குடும்பத்தில் கணக்குப் புத்தகம் இல்லாமல் இருக்காது. கேட்க வேண்டியது மூன்று: அன்றாடக் குறிப்பு, பேரேடு, வருஷக் கடைசி ஐந்தொகை, அதாவது சொத்து-கடன் சுருக்கம். நேரம் குறைவாக இருந்தால் ஐந்தொகையை மட்டும் படமெடுங்கள். கொட்டகைக்குப் போட்ட முதல், மெஷின் வாங்கிய தொகை, யாரிடம் எவ்வளவு கடன், பங்காளிகளின் பங்கு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

பழைய கணக்கில் தமிழ் எண்களும் ௶ (பற்று), ௷ (வரவு), ௹ (ரூபாய்), ௵ (வருஷம்), ௴ (மாதம்) என்ற குறிகளும் வரும். ௭-ஐ 'எ' என்றும், ௮-ஐ 'அ' என்றும், ௪-ஐ 'ச' என்றும் வாசித்துவிடுவது சகஜம். ௰ என்றால் பத்து, ௱ என்றால் நூறு. ஆக, ௱௫௰ என்பது 150. தொகையை வாசித்ததும் பக்கத்தின் அடியில் உள்ள கூட்டுத்தொகையோடு சரிபாருங்கள். கூட்டல் வரவில்லையென்றால் நீங்கள் வாசித்ததில்தான் தவறு. அந்தக் கணக்கப்பிள்ளைகள் கூட்டலில் தவறுவது அபூர்வம். 1957-க்கு முந்திய தொகைகளைக் கூட்டும்போது 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்பதை மறக்கக்கூடாது.

வருஷத்தைப் பெயரால் எழுதியிருப்பார்கள். மன்மத வருஷம் என்றால் 1955 சித்திரையில் தொடங்கியது. அதனால் "மன்மத ௵ தை" என்பது 1956 ஜனவரி-பிப்ரவரி. மார்கழிப் பாதிக்குப் பிறகு, பங்குனி முடியும்வரை ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடும். இந்தச் சின்ன விஷயத்தால் திறப்பு விழாவையே ஒரு வருஷம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். அறுபது வருஷச் சுழற்சியால் அதே பெயர் 2015-லும் வந்தது, 1895-லும் வந்தது. கொட்டகை விஷயத்தில் இதனால் குழப்பம் குறைவு. நிலப் பத்திரத்தில் வரும்.

ஆண்டு போடாத நோட்டீஸுக்கு ஆண்டு கண்டுபிடிப்பது

பிட் நோட்டீஸில் கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்குமான காகிதத்துக்கு ஆண்டு எதற்கு? ஆனாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு நோட்டீஸில் "ஜனவரி 14 வெள்ளிக்கிழமை பொங்கல் முதல்" என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1945-க்கும் 1980-க்கும் இடையில் ஜனவரி 14 வெள்ளியில் வந்த வருஷங்கள் 1949, 1955, 1966, 1972, 1977. கட்டணம் அணாவில் இருந்தால் 1957-க்கு முன், ஆகவே 1949 அல்லது 1955. படம் சென்னையில் வெளியானது 1954 என்றால் மிஞ்சுவது 1955 மட்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. படத்தின் வெளியீட்டுத் தேதி கீழ் எல்லையை மட்டுமே காட்டும். சிற்றூர்க் கொட்டகைக்குப் படம் வருவது மதுரையில் ஓடி முடிந்த பிறகு, சில சமயம் ஒரு வருஷம் கழித்து. பழைய படத்தை மறுபடி போடுவது அதற்கும் பிறகு. "இந்தப் படம் 1951, ஆகவே கொட்டகை 1951" என்று எழுதிவிடாதீர்கள்.

காகிதம் தானே காட்டிக்கொடுக்கும் வேறு அடையாளங்களும் உண்டு. "ந.பை." என்று அச்சிட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது; அதன்பின் வெறும் பைசா. "சென்னை ராஜ்யம்", "சென்னை மாநிலம்" என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன் என்று பெரும்பாலும் கொள்ளலாம். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். "இராமநாதபுரம் ஜில்லா" என்றால் 1985-க்கு முன். "பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்" என்றால் 1985-க்கும் 1997-க்கும் இடையில். "சிவகங்கை மாவட்டம்" என்றால் அதற்குப் பின். பழைய லெட்டர்பேடைத் தீரும்வரை பயன்படுத்துவார்கள் என்பதால் இரண்டு மூன்று வருஷம் இடம் விடுங்கள். நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகப் பெயர் இருக்கும். அந்த அச்சகம் எப்போது தொடங்கி எப்போது மூடியது என்று விசாரித்தால் இன்னொரு எல்லை கிடைக்கும். பெரிய வால்போஸ்டர்கள் சிவகாசி, சென்னை அச்சு. அவற்றை வைத்து உங்கள் ஊர்த் தேதியைச் சொல்ல முடியாது. மேலே ஒட்டிய கொட்டகைப் பெயர்த் துண்டுதான் உள்ளூர் அச்சு.

நோட்டீஸ்களைத் தேட வெளியூர் போக வேண்டியிருந்தால் முதல் இடம் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பத்திரிகைகள்தான் அதன் அடிப்படை. ஆகவே நம் வட்டாரக் காகிதம் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். 1920-களிலும் 30-களிலும் காரைக்குடியில் இருந்து வந்த 'ஊழியன்', 'குமரன்' இதழ்களின் விளம்பரப் பக்கங்களையும் புரட்டுங்கள். 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியின் பழைய இதழ்களில் பொங்கல், தீபாவளி விளம்பரங்களின் அடியில் "மற்றும் …" என்று கொட்டகைப் பட்டியல் வரும். உங்கள் ஊர்ப் பெயர் முதலில் தோன்றும் இடம் முக்கியம்.

அலுவலகக் கோப்புகள்

சென்னைக்கு வெளியே சினிமா லைசென்ஸ் கொடுப்பவர் கலெக்டர். 1918 சட்டப்படியும் மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் அவர்தான்; 1955 சென்னை சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், 1957 விதிகளின்படியும் அவர்தான். 'சி' படிவம் என்று தியேட்டர்காரர்கள் சொல்வது இந்த லைசென்ஸைத்தான். அதில் லைசென்ஸ்தாரர் பெயர், இருக்கை எண்ணிக்கை, காலாவதித் தேதி இருக்கும். கோப்பின் உள்ளே பொதுப்பணித் துறையின் கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள், நல்ல காலமாக இருந்தால் கட்டட வரைபடமும் இருக்கும். அந்த வரைபடம் ஒன்று கிடைத்தால் பத்து பேட்டிக்குச் சமம்.

எந்த அலுவலகம் என்பதில்தான் செட்டிநாட்டுக்காரர்கள் அலைகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் என்றால் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம். அதன் கலெக்டர் அலுவலகமோ நெடுங்காலம் மதுரையில் இருந்தது. பொன்னமராவதி, இராயவரம், அரிமளம் பக்கம் என்றால் கதையே வேறு: 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு 1974 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம், அதன்பின் புதுக்கோட்டை மாவட்டம். சமஸ்தானக் காலக் கொட்டகைக்கு தர்பார் கோப்புகளில் தேட வேண்டும். படப்பெட்டி வந்த வழியும் இதே கோட்டில்தான் பிரிகிறது. விநியோகத்தில் முதல் பக்கம் எம்.ஆர்., அதாவது மதுரை-ராம்நாடு ஏரியா. இரண்டாவது பக்கம் பெரும்பாலும் டி.டி., அதாவது திருச்சி-தஞ்சாவூர். பத்து மைல் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊரில் ஒரே படம் வெவ்வேறு மாதத்தில் ஓடியதற்கு இதுதான் காரணம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது "தியேட்டரின் வரலாறு வேண்டும்" என்று கேட்டால் "அவ்வாறான தகவல் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வரும். "இன்ன ஊர், இன்ன சர்வே எண்ணில் இருந்த திரையரங்குக்கு இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை வழங்கப்பட்ட 'சி' படிவ உரிமங்களின் நகல், உரிமப் பதிவேட்டின் தொடர்புடைய பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கோப்பு எண்ணின் முன்னெழுத்தைப் பாருங்கள்: ஓ.மு. என்றால் ஓராண்டும், மூ.மு. என்றால் மூன்றாண்டும், ப.மு. என்றால் பத்தாண்டும் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். கோப்பு அழிந்திருந்தாலும் பதிவேடு பல சமயம் தங்கியிருக்கும். ஆகவே பதிவேட்டைத் தனியாகக் கேட்பது அவசியம்.

நிலத்துக்கு அ-பதிவேடு, சிட்டா, புலப்படம் மூன்றையும் எடுத்து, அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடல் மனுப் போட வேண்டும். தேட வேண்டியவை கிரயம், குத்தகை, பாகப்பிரிவினை, அடமானம். அடமானப் பத்திரத்தை அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். மெஷினும் நாற்காலியும் எண்ணிக்கையோடு சொத்து விவரத்தில் வருவது அதில்தான்.

கட்டடம் மிச்சமிருந்தால் எப்படி வாசிப்பது

மண்டபமாக மாறிய கொட்டகையிலும் ஆபரேட்டர் ரூமை இடிப்பது அபூர்வம். பழைய சாமான் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளே போனதும் திரையைப் பார்த்த சுவரில் உள்ள ஓட்டைகளை எண்ணுங்கள். ஒரு மெஷினுக்கு ஒளி போக ஒன்று, ஆபரேட்டர் பார்க்க ஒன்று. நான்கு இருந்தால் இரண்டு மெஷின். தள்ளி ஒன்று தனியாக இருந்தால் ஸ்லைடுக்கு. ஓட்டைகளின் மேல் இரும்புத் தகடு சறுக்கி விழும் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். தீப்பிடித்தால் கேபினை மூடுவதற்கான ஏற்பாடு அது. ஓட்டைகளில் ஒன்று பிற்காலச் சிமெண்டால் அடைபட்டோ, புதிதாக உடைத்ததாகவோ இருந்தால் மெஷின் மாறிய தடயம். கூரையில் குழாய் வெளியேறிய வட்ட ஓட்டை இருந்தால் அங்கே கார்பன் எரிந்திருக்கிறது. கார்பன் குச்சிகள் எரியும் புகையை வெளியேற்றவே அந்தக் குழாய். பின்னால் செனான் விளக்குக்கு மாறிய இடங்களில் அதையே சூடு போக விட்டிருப்பார்கள்.

இரண்டு மெஷினா ஒன்றா என்பதைக் கட்டடம் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். 35 மி.மீ. படம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 16,000 அடிப் படம் என்றால் ஏறக்குறைய 178 நிமிஷம். இரண்டு மெஷின் இருந்தால் ஒரு ரீல் முடியும்போது திரையின் வலது மேல்மூலையில் தோன்றும் புள்ளியைப் பார்த்து அடுத்த மெஷினுக்கு மாற்றிவிடுவார்கள், படம் நிற்காது. ஒரே மெஷின் என்றால் ரீல் மாற்ற விளக்குப் போட்டே ஆகவேண்டும். 4,000 அடி கொள்ளும்படி ரீல்களை ஒட்டிச் சுற்றினால் நாலு பாகம், நடுவே மூன்று இடைவேளை. ஆகவே "படத்துக்கு மூணு இடைவேளை விடுவாக" என்று யாராவது சொன்னால் அது ஒற்றை மெஷின் காலம். இடைவேளை ஒன்றாகக் குறைந்த வருஷத்தைக் கேட்டுப் பிடித்துவிட்டால் இரண்டாவது மெஷின் வந்த வருஷம் கிடைத்துவிடும்.

திரைச் சுவரை நாடா பிடித்து அளங்கள். பழைய படச் சட்டத்தின் அகலம் உயரத்தைப் போல் 1.37 மடங்கு, ஸ்கோப்பில், அதாவது அகலத்திரையில், 2.35 மடங்கு. 15 அடி உயரத் திரைக்கு முன்பு இருபதரை அடி அகலம் போதும், ஸ்கோப்புக்கு முப்பத்தைந்து வேண்டும். மேடையின் இரு ஓரத்திலும் பிற்காலச் செங்கல் ஒட்டு தெரிந்தால் ஸ்கோப்புக்காக அகலப்படுத்தியிருக்கிறார்கள். தமிழில் ஸ்கோப் வந்தது 1973-இல்.

மெஷின் நின்றுகொண்டிருந்தால் பெயர்த் தகட்டையும் எண்ணையும் எதிரே நின்று, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமெடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் எழுத்து மறையும். தலைப்பாகம் ஒரு கம்பெனி, விளக்கு வீடு இன்னொன்று, சவுண்டு பாகம் மூன்றாவது என்று கலந்திருப்பது சகஜம். மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். அதற்கு முன் கொஞ்சம் எச்சரிக்கை. பழைய ரெக்டிஃபையரில் உள்ள பெரிய கண்ணாடி பல்பில் பாதரசம் இருக்கலாம், தொடாதீர்கள். விளக்கு வீட்டின் உள்ளுறையிலும் கூரை ஷீட்டிலும் கல்நார் இருக்கும். உடைக்காமல், துளைக்காமல் வேலையை முடியுங்கள். பிலிம் துண்டு கிடைத்து அதில் காடி வாடை அடித்தால் அசிடேட்; காற்றோட்டமாக, மற்றக் காகிதங்களில் இருந்து தள்ளி வையுங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம். பிசுபிசுப்பாகவோ பழுப்புப் பொடியாகவோ இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அது பற்றிக்கொண்டால் தண்ணீரால் அணையாது. கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, கனவிலும் செய்யாதீர்கள்.

டி.சி.ஆர். வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது

டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் அறிக்கைகள் ஒரு வாரத்துக்குக் கிடைத்தாலும் புதையல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வகுப்புவாரியாக டிக்கெட்டின் தொடக்க எண், முடிவு எண், விற்றது, விலை, கேளிக்கை வரி, நிகரம் இருக்கும். இன்றைய முடிவு எண்ணுக்கு அடுத்த எண்ணில் நாளைய ஆட்டம் தொடங்க வேண்டும். எண் தாவினால் புதுப் புத்தகம் பிரித்திருக்கிறார்கள், அல்லது நடுவில் ஒரு தாள் இல்லை. இதைச் சரிபார்க்காமல் வாரக் கூட்டல் போடாதீர்கள்.

கேளிக்கை வரி 1939 சட்டத்தில் தொடங்கியது. வரி டிக்கெட் எண்ணிக்கையின் மேல் விழுந்த காலத்தில் அறிக்கையில் காட்டிய தலைகள் உண்மையை விடக் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. பிற்காலத்தில் சிற்றூர்க் கொட்டகைகளுக்குக் கொள்ளளவை வைத்து மொத்தமாக வரி கட்டும் முறை வந்த பிறகு கணக்கின் தன்மையே மாறிவிடும். ஆகவே டி.சி.ஆர். எண்களை "காட்டப்பட்ட வசூல்" என்றே எழுதுங்கள். ஒரு குடும்பம் வரி ஏய்த்தது என்று எழுத இந்தக் காகிதம் போதாது. எந்த ஆட்டத்துக்குக் கூட்டம், தரைக்கும் சேருக்கும் என்ன விகிதம், மழைக்காலத்தில் எவ்வளவு விழுந்தது என்பதற்குப் போதும். படம் வாங்கியது மினிமம் கியாரண்டியா (முன்கூட்டியே உறுதி செய்த தொகை), பர்சண்டேஜா (வசூலில் பங்கு) என்பதையும் இதோடு குறித்துக்கொண்டால், எந்த வருஷத்தில் இருந்து கட்டுப்படியாகாமல் போனது என்று ஆதாரத்தோடு எழுதலாம். டி.வி. வந்ததால் மூடினார்கள் என்று எல்லா ஊரிலும் ஒரே காரணம் சொல்வார்கள். பல இடங்களில் பாகப்பிரிவினையும், 2010-க்குப் பிறகு பிலிமில் இருந்து டிஜிட்டலுக்கு மாறும் செலவும்தான் கடைசி அடி. மூடிய தேதிக்கு முந்தைய மூன்று வருஷப் பத்திரங்களைப் பார்த்த பிறகே காரணம் எழுதுங்கள்.

நகல் எடுப்பதும் எழுதுவதும்

காகிதங்களைச் சொந்தக்காரர் வீட்டிலேயே வைத்து நகல் எடுங்கள். "நாளைக்குத் தர்றேன்" என்று கொண்டுவந்தால் ஊரில் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது. நோட்டீஸ், டிக்கெட் 600 டி.பி.ஐ., கண்ணாடி ஸ்லைடு பின்னொளியில் 1200. இராமபாணப் பூச்சி அரித்த தாளை மடிப்பைத் தேய்த்து விரிக்காமல், வெள்ளைத்தாள் இடையில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். செலோடேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. இரண்டும் பத்து வருஷத்தில் காகிதத்தைத் தின்றுவிடும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஊர், வருஷம், வகை, யார் வீட்டுக் காகிதம் என்ற வரிசையில் வையுங்கள்.

எழுதும்போது நிலத்தில் தொடங்குங்கள்: யாருடைய புஞ்சை, அங்கே ஏன் கொட்டகை போட்டார்கள், பஸ் நிற்கும் இடமா, சந்தைப்பேட்டையா. பிறகு கூடாரம், கட்டடம், மெஷின், ஆட்கள், கணக்கு, மூடல். காரைக்குடியில் அழகப்பா கல்லூரி 1947-இல் வந்தது, மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறந்தது போன்ற ஊர் மாற்றங்களைக் கொட்டகையின் ஆட்ட எண்ணிக்கையோ டிக்கெட் வகுப்போ அதனால் மாறியதற்குச் சாட்சி கிடைத்தால் மட்டும் சேருங்கள். இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, எதை ஏன் நம்புகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். உயிரோடு இருப்பவர்களின் கடன், வழக்கு, பங்காளிச் சண்டை பற்றி எழுதும் முன் பதிவான ஆவணம் கையில் இருக்க வேண்டும். அவர்கள் பக்கத்தையும் கேட்டிருக்க வேண்டும்.

முதல் படியை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஆபரேட்டரிடமும் கணக்குப் பார்த்தவரிடமும் உட்கார்ந்து உரக்க வாசித்துக் காட்டுங்கள். மெஷின் பெயரும் ஆட்ட நேரமும் அங்கேதான் திருந்தும். முடிந்த பிறகு ஸ்கேன்களோடு ஒரு படி உங்கள் ஊர் நூலகத்துக்கும், ஒரு படி அழகப்பா பல்கலைக்கழக நூலகத்துக்கும், ஒரு படி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் அனுப்புங்கள். காகிதம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய ஸ்கேன்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.